யாக்கே மேஷ்ட்ருவின் குடை

தேர்தலில் நின்று தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நின்று ஜெயித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஜெயித்த பிறகு பார்த்ததில்லை, அது வேறு விஷயம். ஆனால் நிற்காமல், ஓட்டே கேட்காமல், ஒரு தெரு முழுவதையும் ஜெயித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் மைசூரில் இருந்தார். என் ஜட்காவில்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் மிகவும் நீளம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் குதிரை ஒரு தெருவைத் தாண்டிவிடும். என் குதிரையின் வேகம் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று விளங்கும். எங்களுக்கு அவர் யாக்கே மேஷ்ட்ரு. கன்னடத்தில் யாக்கே என்றால் ஏன். மேஷ்ட்ரு என்றால் வாத்தியார். காலேஜில் பாடம் சொல்லிக்கொடுத்தார். வாத்தியார் கேள்வி கேட்பது வழக்கம்தான். இவர் பரீட்சை இல்லாத இடத்திலும் கேட்டார். மார்க்கெட்டில் மல்லிகை விற்கிறவளிடம், முழத்தை உன் கையால்தான் அளக்க வேண்டுமா, என் கையால் அளந்தால் என்ன, ஏன் என்று கேட்டார். அவள் அதற்குப் பிறகு அவருக்குப் பூவே விற்கவில்லை. சாமுண்டி மலைப் படியில் மூச்சு வாங்க இறங்கி வருகிறவர்களை நிறுத்தி, எதற்காக ஏறினீர்கள் என்று கேட்டார். ஒருவர் மறுபடியும் ஏறிப் போய்விட்டார் என்று சொல்வார்கள். அதை நான் கண்ணால் பார்க்கவில்லை.

பெரிய கடியாரக் கோபுரத்துக்குப் பக்கத்தில் அப்போது என் ஜட்கா நிற்கும். என் குதிரைக்கு ஜமீன்தார் என்று பெயர். வேலை செய்யப் பிடிக்காது, வேளைக்குச் சாப்பாடு வேண்டும், யாரைக் கண்டாலும் ஒரு அலட்சியம். வேறென்ன பெயர் வைப்பது? தசரா சமயத்தில் யானை எதிரே வந்தால்கூட அதுதான் வழி விடட்டும் என்று நிற்கும். முதல் நாள் மேஷ்ட்ருவை ஏற்றிக்கொண்டு அக்ரஹாரத்தில் அவருடைய வாடகை அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நட்ட நடுத் தெருவில் ஜமீன்தார் நின்றுவிட்டது. மற்ற சவாரிக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், என் அப்பனைத் திட்டுவார்கள். இவர் கீழே இறங்கினார். குதிரைக்கு எதிரே போய் நின்றார்.

"யாக்கே நின்னுடுத்து?"

"அதுக்கு இஷ்டமில்ல சாமி," என்றேன்.

அவர் குதிரையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்கும் ஒரு காரணம் இருக்கும் காளியப்பா. கேக்கத்தான் நமக்குத் தெரியலை," என்றார்.

இவர் பெரிய மேதாவி, இல்லாவிட்டால் எங்கேயோ ஒரு திருகு கழன்றவர் என்று அன்றைக்கே நினைத்தேன். இரண்டில் எது என்று இன்றுவரை தீர்மானிக்கவில்லை.

ஆள் மெலிவு. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, பஞ்சகச்சம், நெற்றியில் நாமம். பேசுகிற தமிழ் மேல்கோட்டைப் பக்கத்து அய்யங்கார் வீட்டுத் தமிழ். நடுநடுவே கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. வளைந்த மூங்கில் கைப்பிடி. வெயில், மழை, இரண்டுமில்லாத நாள் எல்லாவற்றிலும் குடை உண்டு. அவர் எல்லோரையும் ஏன் என்று கேட்கிறாரே, நாமும் ஒன்று கேட்போம் என்று ஒருநாள் கேட்டேன், வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை, குடை ஏன் சாமி என்று. அவர் வெட்கப்பட்டார். பெரிய மனிதர்கள் வெட்கப்பட்டு நான் பார்த்தது குறைவு. கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் அறியாத மனிதர்களோடு பேசத் தைரியம் வருகிறது என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஊரையெல்லாம் கேள்வி கேட்கிற இந்த மனிதர் மகா கூச்சக்காரர்.

சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. நாட்டுக்கே முதல் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு. ராஜா ஊரில் இருந்த எங்களுக்கு அது ஒரு புதுமை. படித்தவன் படிக்காதவன், ஆண் பெண், எல்லாருக்கும் ஒரு ஓட்டாம். என்னைப் போன்ற கைநாட்டுக்கும் மில் முதலாளிக்கும் ஒரே அளவு. எங்கள் தெருவில் பலர் இதை நம்பவில்லை. ஏதோ எழுத்துப் பிழை, கடைசி நேரத்தில் சரிசெய்துவிடுவார்கள் என்றார்கள்.

மேஷ்ட்ருவின் காலேஜில் ஒரு பெரிய ப்ரொபசர் இருந்தார். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். மூக்குப்பொடிப் பிரியர். அவர் ஒருநாள் எல்லார் நடுவிலும் சொன்னாராம்: கைநாட்டுக்கு அபிப்பிராயம் ஏது, கடைசியாக எவன் வெற்றிலை கொடுத்தானோ அவன் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். நம்ம மேஷ்ட்ருவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும், போய்க் கேட்டால் சொல்வார்கள் என்றார். ப்ரொபசர் பொடியைத் தட்டிக்கொண்டே, "சரி, ஒரு தெருவை எடுத்துக்கோ. தேர்தலுக்கு முன்னாடி யாருக்குப் போடப்போறா, ஏன் போடப்போறான்னு கேட்டுண்டு வா. நீ சொன்னபடி இருந்தா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா ஜூன் மாசம் வேற ஆளைப் பாத்துக்கறேன்," என்றுவிட்டார்.

இதையெல்லாம் மேஷ்ட்ரு ஜட்காவில் வரும்போதே சொன்னார். வேலை தற்காலிகம். மேல்கோட்டையில் அம்மாவும் கல்யாணம் ஆகாத இரண்டு தங்கைகளும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள். கைநாட்டு அதிகமாக இருக்கிற தெரு எது என்று என்னிடம் யோசனை கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் தெருவைச் சொன்னேன்.

எங்கள் தெரு மில்லுக்குப் பின்னால் இருந்தது. லைன் வீடுகள். கொள்ளேகால், தர்மபுரி, சேலம் பக்கமிருந்து பிழைக்க வந்த ஜனங்கள். மேசைமேல் பேனா இருக்கிற வீடு என்று பார்த்தால் ஆரோக்கியசாமி மேஸ்திரி வீடு மட்டும்தான். அவர் கொத்து வேலை மேஸ்திரி. மாதா கோயிலில் பாட்டும் பாடுவார். பேப்பர் படிக்கத் தெரிந்தவர் என்பதால் தெருவுக்கு அவர்தான் ராஜாங்க மந்திரி. பேப்பரில் இல்லாததையும் படித்துச் சொல்வார்.

முதல் சாயங்காலம் மேஷ்ட்ருவை அழைத்துக்கொண்டு போனேன். மேஸ்திரி வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. காப்பி வந்தது, வெற்றிலைத் தட்டு வந்தது. மேஷ்ட்ரு எதையும் தொடவில்லை. ஆராய்ச்சி செய்கிறவன் கை நீட்டி எதையும் வாங்கக் கூடாது, எதையும் கொடுக்கவும் கூடாது என்றார். தெருவில் அன்றைக்கே பேச்சாகிவிட்டது: வெற்றிலை கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம், வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், கொடுக்கவும் மாட்டேன் வாங்கவும் மாட்டேன் என்கிற இந்த ஆள் யார்?

பக்கத்து வீடு கேட் மாரப்பன் வீடு. மாரப்பன் மில் கேட்டில் காவல்காரன். கொள்ளேகால்காரன். யாராவது கேள்வி கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டுதான் பதில் சொல்வான். தனக்கும் தன் பெண்சாதிக்கும் சேர்த்துத் தானே பதில் சொல்லிவிடுவதாக ஆரம்பித்தான்.

"அவாளுக்குத் தனியா ஒரு ஓட்டு இருக்கே," என்றார் மேஷ்ட்ரு. "அதை அவாளைத்தான் கேக்கணும்."

மாரப்பனின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.  மாரப்பனின் பெண்சாதி சின்னத்தாயி கதவுக்குப் பின்னால் இருந்தாள். அந்நிய ஆண்பிள்ளைக்கு முன்னால் வர மாட்டாள். மேஷ்ட்ருவோ அதற்கு மேல். கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தலை நிமிரவில்லை. கேட்க வேண்டியவருக்கும் வெட்கம், சொல்ல வேண்டியவளுக்கும் வெட்கம். நடுவில் நான் நிற்கிறேன், குதிரையை விட்டுவிட்டு.

அப்போது மேஷ்ட்ரு ஒரு காரியம் செய்தார். குடையை விரித்தார். அதை வாசற்படியில் தட்டி மாதிரிச் சாய்த்து வைத்துவிட்டு, இந்தப் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்போ சொல்லுங்கோம்மா. நான் உங்களைப் பாக்கலை. நீங்களும் என்னைப் பாக்க வேண்டாம்."

 பிறகு குடைக்குப் பின்னால் ஒரு குரல் வந்தது. "என்னுங் கேக்கோணும்? கேளுங்."

சர்க்கார் என்ன செய்தால் நல்லது என்று கேட்டார். அவ்வளவுதான். சின்னத்தாயி ஆரம்பித்தாள். தெருக்கோடியில் இருக்கிற ஒரே குழாய், மில் சங்கு ஊதுகிற நேரத்தில் மட்டும் தண்ணீர் வருகிற கதை, அந்த நேரத்தில்தான் அடுப்பு, அந்த நேரத்தில்தான் பிள்ளை அழுகை. அந்தப் பக்கம் ஆபீசர் பங்களாக்களில் பூச்செடிக்கே நாள் முழுக்கத் தண்ணீர். "ஏனுங் சாமி, தண்ணிக்கு மட்டும் ஆளு பாத்து வரத் தெரியுதுங்களா?" என்றாள். மேஷ்ட்ரு எழுதிக்கொண்டே இருந்தார். மாரப்பன் திண்டாடிப் போய்விட்டான். தன் பெண்சாதிக்கு இவ்வளவு பேச வரும் என்று அவனுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசியில் மேஷ்ட்ரு முக்கியமான கேள்விக்கு வந்தார். ஓட்டு யாருக்கு?

"இதென்னுங் கேள்வி," என்றது குடை. "உங்களுக்குத்தானுங்."

மேஷ்ட்ரு சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வீட்டுக்குப் போனோம். அடுத்த வீட்டிலும் பெண்பிள்ளை குடை கேட்டாள். குடையை விரித்து வைத்தார். மாமியார் கதை, கூரை கதை, கடைக்காரன் கதை எல்லாம் வந்தது. ஓட்டு யாருக்கு என்றால், உங்களுக்குத்தான். அதற்கு அடுத்த வீட்டில் ஆண்பிள்ளையே சொன்னான், உங்களுக்குத்தான் சாமி. மேஷ்ட்ருவின் சிரிப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தெரு முடிவதற்குள் மனிதர் முகத்தில் நாமம் மட்டும்தான் மிச்சம்.

நடந்தது இதுதான். அதுவரை வீடு வீடாக வந்து ஓட்டைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் தேர்தலில் நிற்கிறவர்கள்தான். இவரும் வீடு வீடாக வருகிறார், ஓட்டைப் பற்றிப் பேசுகிறார். பிறகு யாராக இருப்பார்? நான் நிற்கவில்லை, நான் ஆராய்ச்சி செய்கிறேன் என்று மேஷ்ட்ரு வாசலுக்கு வாசல் சொன்னார். ஐயாவுக்கு என்ன அடக்கம் பாரு என்றார்கள். அவர் மறுக்க மறுக்க மதிப்பு ஏறியது.

நான் மேஸ்திரியிடம் போய் எடுத்துச் சொன்னேன். அவர் சொன்னால் தெரு கேட்கும்.

"என்னப்பா காளியப்பா, வெவரம் தெரியாத ஆளா இருக்கே," என்றார் மேஸ்திரி. "நிக்கறவங்க எல்லாம் மொதல்ல நிக்கலைன்னுதான் சொல்வாங்க. நிக்காத மனுசன் எதுக்குப்பா சாயங்காலம் சாயங்காலம் வந்து முக்காலியில உக்காரணும்? அவருக்கு வீடு வாசல் இல்லையா?"

"தெரிஞ்சுக்கறதுக்காம் மேஸ்திரி."

"தெரிஞ்சுக்கிட்டு?"

அது எனக்கு இப்போதும் முழுசாகத் தெரியாது. மேஸ்திரி விடவில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக ஒரு பெட்டி, ஒரு படம் உண்டு, பெட்டிமேல் அதை ஒட்டியிருப்பார்கள், படிக்காதவர்கள் படத்தைப் பார்த்துப் போடலாம் என்று பேப்பரில் வந்திருப்பதை எல்லாருக்கும் விளக்கினார். அப்படியானால் இவருடைய படம் என்ன என்று யாரோ கேட்டார்கள்.  எல்லாரும் வாசற்படியில் விரித்து வைத்திருந்த குடையைத்தான் பார்த்தார்கள்.

நிஜமாகவே நின்ற ஒரு பெரிய மனிதர் பக்கமிருந்து ஆள் ஒருவர் வந்தார். எந்தப் பெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் பேரப்பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். மைக் கட்டிய காரில் வந்து, தெருவெல்லாம் குடைக்கே என்று சொல்வதைக் கேட்டுக் கலங்கிப்போய், மேஷ்ட்ருவைத் தேடிப் பிடித்தார். தனியாகக் கூட்டிப்போய், நீங்கள் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும், என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார். மேஷ்ட்ருவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. காகிதத்தை எடுத்தார். நான் வாபஸ் வாங்க வேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றுகிறது, யாக்கே, என்று ஆரம்பித்தார். அந்த ஆள் வெகு நேரம் மாட்டிக்கொண்டார். கார் கிளம்பும்போது மைக் போட மறந்துபோனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணம் கூட்டிப்போனேன், மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தவர், கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் பேச உட்கார்ந்துவிட்டார். அவர் பேசி முடிப்பதற்குள் ஜமீன்தார் ஒரு மூலைக் கரும்பைத் தின்று முடித்துவிட்டது. கரும்புக்காரர் அரிவாளோடு வந்தவர், மேஷ்ட்ரு கேட்ட கேள்விகளில் எதற்காக வந்தோம் என்பதையே மறந்து, போகும்போது எங்களுக்கு ஒரு கட்டு கரும்பு கொடுத்தார். மேஷ்ட்ரு வாங்கவில்லை. ஜமீன்தாருக்கு அந்த நியமம் கிடையாது.

திரும்பி வரும்போது மேஷ்ட்ரு எழுதிய காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ப்ரொபசருக்குச் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. 

"சாமி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க," என்றேன். "உங்க பேரு சொன்னவங்க எல்லாருக்கும் நீங்களே வேற யாராவது பேரைப் போட்டுருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அவா சொன்னதைத்தான் நான் சொல்லணும், காளியப்பா. நான் நினைக்கறதைச் சொல்றதுக்கு அவா ஆத்துக்கு ஏன் போகணும்? எங்காத்துலேயே உக்காந்துண்டு எழுதியிருக்கலாமே."

அப்படியே போய்ச் சொல்லிவிட்டார். தெருவில் முக்கால்வாசிப் பேர் என் பெயரைச் சொல்கிறார்கள், நான் தேர்தலில் நிற்கவில்லை என்று. ப்ரொபசர் சிரித்த சிரிப்பில் மூக்கிலிருந்த பொடி எல்லாம் எதிரே இருந்தவர் கோட்டில் விழுந்ததாம். நான் சொன்னதுதானே, நிற்காத ஆளுக்கு ஓட்டுப் போடுகிறவனுக்கு என்ன அபிப்பிராயம் இருக்க முடியும் என்றாராம். பிறகு, ஓட்டுப் போடுகிற அன்றைக்கு நானே வந்து பார்க்கிறேன், அன்றைக்கே உன் விஷயத்தையும் தீர்த்துவிடலாம் என்றாராம். மேஷ்ட்ரு அன்று ஜட்காவில் ஏறும்போது மேல்கோட்டைக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். என்ன எழுதுவது என்று சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. மில்லுக்கு லீவு. எங்கள் தெருப் பெண்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சீலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மேஷ்ட்ரு எதிர்ச் சாரியில், நல்ல தூரம் தள்ளி ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றார். வெயில் இலை வழியாக விழுந்தது, குடையை விரித்துக்கொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று. ப்ரொபசர் காரில் வந்து இறங்கி, அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் ஜட்காவில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுப் போடப் போகிறவர்கள் எல்லாரும் மரத்தடியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். ப்ரொபசர் ஒவ்வொரு கும்பிடுக்கும் ஒரு சிட்டிகை பொடி போட்டார்.

உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது முகம் சரியில்லை. மேஸ்திரி வந்தவர் என்னிடம் கிசுகிசுத்தார், வரிசையாகப் பெட்டி இருக்கிறது, எல்லாப் படமும் இருக்கிறது, குடையை மட்டும் காணோம், எவனோ ஒளித்துவிட்டான் என்று. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வேறு வழியில்லாமல் இன்னொன்றில் போட்டுவிட்டேன், மேஷ்ட்ருவிடம் சொல்லாதே, வருத்தப்படுவார் என்றார்.

பிறகு சின்னத்தாயி வந்தாள். வெளியே வந்தவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராகத் தெருவைக் கடந்து மரத்தடிக்கு வந்தாள். மாரப்பன் பின்னாலேயே ஓடி வந்தான். முதல் தடவையாக அவள் மேஷ்ட்ருவை நேருக்கு நேர் பார்த்தாள். இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஓட்டுச் சீட்டு. பெட்டியில் போடாமல் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டாள்.

"உங்க பொட்டி உள்ள இல்லீங் சாமி. ஆரோ எடுத்து மறச்சுப் போட்டாங்க. கையிலயே வாங்கிக்குங்."

மேஷ்ட்ரு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். குடை கீழே விழுந்து உருண்டது.  ஓட்டுச் சீட்டைத் தொட்டால் அந்த நிமிஷமே வேலை போய்விடும். வேலை என்ன, ஜெயிலே கிடைக்கும். பக்கத்தில் ப்ரொபசர். அந்தப் பக்கத்திலிருந்து போலீஸ்காரர் ஒருவர் வருகிறார். இந்த நேரத்திலும் அந்த மனிதர் வாயில் வந்தது ஒரே சொல்தான்.

"யாக்கே, தாயி? ஏன்?"

"மத்தவிங்க எல்லாரும் வந்து எனக்குப் போடு, எனக்குப் போடுன்னாங்க," என்றாள் சின்னத்தாயி. "நீங்க ஒருத்தருதான் உனக்கு என்ன வேணும், ஏன் வேணும்னு கேட்டீங்க. கண்ணாலம் ஆயி வந்து இத்தன வருசத்துல எங்கூட்டுக்காரரே கேட்டதில்லீங்."

மாரப்பன் தரையைப் பார்த்தான். ப்ரொபசர் பொடி டப்பியைத் திறந்தவர், எடுக்காமலே மூடினார்.

"நான் நிக்கலை தாயி. சத்தியமா நிக்கலை."

"அப்பறம் எதுக்குங் கேட்டீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான்."

 சும்மா தெரிந்துகொள்வதற்காக ஒருவர் தன்னிடம் வந்து கேட்பார் என்பது அவளுக்கு விளங்க நேரம் பிடித்தது. மேஷ்ட்ரு, "உள்ள போயி, உங்க மனசுக்கு எது சரியோ அதுல போடுங்கோ. யாருக்கும் காட்டாதேங்கோ. நேக்கும் காட்ட வேண்டாம், அவருக்கும் காட்ட வேண்டாம்," என்று மாரப்பனைச் சுட்டினார். சின்னத்தாயி சீட்டை மறுபடி மடித்தாள். போலீஸ்காரர் அவளை அழைத்துக்கொண்டு போனார். உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். அதட்டிவிட்டுப் போட விட்டார்.

விஷயம் அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்த மைக் கார் ஆள் எங்கிருந்தோ வந்துவிட்டார். மேஷ்ட்ரு ஓட்டுச் சாவடிக்கு எதிரே தேர்தல் சின்னத்தை விரித்து வைத்துக்கொண்டு ஓட்டுச் சேர்க்கிறார் என்று போலீஸ்காரரிடம் புகார். போலீஸ்காரர் சின்னம் எங்கே என்றார். அந்த ஆள் கீழே கிடந்த குடையைக் காட்டினார். போலீஸ்காரர் குனிந்து அதை எடுத்து, மடக்கி, சாட்சியாக ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார். ஒரு குடையைக் கைது செய்து கொண்டுபோனதை நான் அன்றுதான் பார்த்தேன். மேஷ்ட்ரு இரண்டு கையும் காலியாக, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அந்தக் கூச்சக்கார மனிதரை அப்படி நடுத் தெருவில் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ப்ரொபசர் தன் காரை விட்டுவிட்டு என் ஜட்காவில் வந்து ஏறினார். ஸ்டேஷனுக்குப் போ என்றார். ஜமீன்தார் வழியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரிடம் ப்ரொபசர் சொன்னதை வாசலில் நின்று கேட்டேன். காலையிலிருந்து நானே அவர் பக்கத்தில் நின்றேன், அவர் ஒருவரையும் எனக்குப் போடு என்று சொல்லவில்லை, குடைச் சின்னத்தில் இந்தத் தேர்தலில் ஒருவரும் நிற்கவில்லை, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். இன்ஸ்பெக்டர் விசாரித்தார். குடை விடுதலையானது.

மரத்தடிக்குத் திரும்பி வந்தோம். மேஷ்ட்ரு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ப்ரொபசர் குடையை அவர் கையில் கொடுத்தார். "தப்பான கேள்வியை நான்தான் கேட்டுட்டேன்," என்றார். என்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. "வேற ஆளைத் தேடலை. நாளைக்குக் காலேஜுக்கு வா. இன்னும் ஒரு தெரு பாக்கணும். இதையும் எடுத்துண்டு வா."

மேஷ்ட்ரு குடையை விரித்துக்கொண்டு அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து எங்கள் தெருவுக்கு வந்தார். ஆராய்ச்சி முடிய வேண்டுமே. மாரப்பன் வீட்டு வாசலில் குடை, இந்தப் பக்கம் முக்காலி. எந்தப் பெட்டியில் போட்டீர்கள் என்று கேட்டார். குடைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம்.

"சொல்ல மாட்டனுங். நீங்கதானுங் ஆருக்கும் காட்டாதேன்னீங்க."

மேஷ்ட்ரு அன்று சிரித்ததுபோல் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். மாரப்பன் மட்டும் ரொம்ப நாள் வருத்தத்தில் இருந்தான். அவனுக்கும் அவள் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஓட்டைப் பற்றி இரண்டு பேருக்கும் சேர்த்து அவன் பேசியதில்லை. தெருவுக்கு இரண்டாவது குழாய் வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது. எப்போது வந்தது என்று கேட்காதீர்கள், அதற்குள் ஜமீன்தாரே செத்துப்போய்விட்டது.

மேஷ்ட்ருவும் இப்போது இல்லை. ஜட்காவும் இல்லை, பெரிய கடியாரம் மட்டும் இருக்கிறது. பெட்டி போய் மிஷின் வந்துவிட்டது. நான் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. உள்ளே போனதும் படங்களை மேலிருந்து கீழே பார்ப்பேன். என்றைக்காவது சுயேச்சை ஒருவர் குடை வாங்கி நிற்பதுண்டு. அது அவருடைய குடை இல்லை, கைப்பிடியைப் பார்த்தாலே தெரியும். பிறகு வேறு யாருக்கோ போட விரலை எடுத்துக்கொண்டு போகும்போது, பின்னாலிருந்து யாக்கே காளியப்பா என்று கேட்கும். காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் அழுத்துவேன்.

போன தடவை கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சாவடி மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரிப் பெண், "தாத்தா, உள்ள யார்கிட்ட பேசறீங்க?" என்று கேட்டாள்.

அது ரகசியம் அம்மா என்றேன். யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.